சித்தி சாஞ்ச சுவரு

ஒரு மலைமேல ஒரு பழைய சர்ச்சு இருந்துச்சாம். அந்த மலைக்கு ஒரு மக்கு ஏறிப் போனாளாம். அந்த மக்கு யாரு தெரியுமா? உன் சித்திதான். சிரிக்காதடி, ‘ம்’ கொட்டு.

ம்.

அப்போ நான் ஜார்ஜியா நாட்டுல டாக்டருக்குப் படிச்சிட்டிருந்தேன். லீவு விட்டாங்க. “எனக்குத் துணையெல்லாம் வேணாம், எல்லாம் தெரியும்”னு கெளம்பிட்டேன். மலைமேல ஒரு கல்லுக் கட்டடத்தைப் பாத்ததும் பயபக்தியா கும்பிட்டு நின்னேன். உள்ளேருந்து “ம்ம்ம்மா”ன்னு சத்தம். மாட்டுக்கொட்டாய்!

மாட்டுக்காரம்மா பேரு நாத்தேலா. சர்ச்சைப் பாத்துக்கறதும் அவங்கதான். சிரிச்சுக்கிட்டே கூட்டிட்டுப் போனாங்க. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க கட்டினது. இப்போ கூரை இல்ல, இடிஞ்ச சுவருதான் மிச்சம்.

அப்புறம் அவங்க பாஷைலயே, எனக்குப் புரியற மாதிரி மெதுவா அந்தச் சுவரோட கதைய சொன்னாங்க. மொதல்ல பூகம்பம் வந்துச்சாம், கடகடகடன்னு. கோபுரம் விழுந்துச்சு, சுவரு விழல. அப்புறம் குதிரைப்படை வந்துச்சாம், டக்டக் டக்டக்னு. தீ வச்சாங்க, சுவரு கருத்துச்சு, விழல. அப்புறம் ஊரே காலியாயிருச்சாம். பனி கொட்டோ கொட்டுன்னு கொட்டி, கூரை மடார்னு இறங்குச்சு. அப்பவும் சுவரு விழல.

அப்போ உன் சித்தி போட்டோ எடுக்க ஸ்டைலா சாஞ்சா.

தொபுக்கடீர்!

தூங்கிட்டியா?

ம்ஹும்.

தலகாணி அளவு கல்லுடி, என் காலுக்குப் பக்கத்துல. ஓடிரலாமான்னுகூட நெனச்சேன். அப்புறம் கையெடுத்துக் கும்பிட்டு, அழுதுகிட்டே, அவங்க பாஷைல “மன்னிச்சிருங்க”ன்னேன். அப்படித்தான் நெனச்சேன். வாயில வந்தது, “ரொம்ப நன்றி!”

நாத்தேலா மண்ணுல ஒக்காந்து கல்லைத் தடவினாங்க. “பனில கழண்டிருந்த கல்லு. போன வருஷம் என் வீட்டுக்காரர் எடுத்து வச்சாரு. சுண்ணாம்பு பத்தாதுன்னேன், கேக்கல. இந்தக் குளிர்காலத்துல அவரும் போய்ச் சேந்துட்டாரு”ன்னாங்க. வாய் சிரிக்குது, கண்ணுல தண்ணி.



அப்புறம் அவங்க எந்திரிச்சு, “வா, பிடி”ன்னாங்க. அவங்க சுண்ணாம்பு கொழைக்க, நான் கல்லைத் தூக்கினேன். மொத தடவ என் ஷூ மேலேயே போட்டேன். ரெண்டாவது தடவ சுண்ணாம்புச் சட்டியில. மூணாவது தடவதான் ஒக்காந்துச்சு, அதுவும் கோணலா.

“இருங்க, நேராக்கிடறேன்.”

“விடும்மா. அவர் வச்சதும் இப்படித்தான் இருந்துச்சு.”

அந்தக் கல்லு மேல கைய வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாங்க. நானும் பக்கத்துல நின்னேன், எதுலயும் சாயாம.

அவ்வளவுதான்டி தங்கம். கல்லும் ஒக்காந்தாச்சு, கதையும் ஒக்காந்தாச்சு, நீ படு.