விழாத கூடைகள்

நெடும்பாறை ராஜா சிங்கவேளுக்கு இரண்டு பைத்தியங்கள். ஒன்று மத்தியானச் சாப்பாடு. இன்னொன்று கூடைப்பந்து. அந்தக் காலத்தில் கூடைப்பந்து ஏது என்று கேட்காதீர்கள். நெடும்பாறையில் இருந்தது. பனந்தூணில் மூங்கில் கூடை கட்டி, பக்கத்துக்கு ஐந்து பேராகப் பந்து எறிவார்கள். எதிராளியின் மேல் கை படக்கூடாது. அது ஒன்றுதான் விதி.

மாசி மாதம்தோறும் பக்கத்து நாடான தென்கரையோடு பந்தயம் நடக்கும். தோற்ற ராஜா, ஜெயித்த ராஜாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு மைதானத்தை மூன்று சுற்று வரவேண்டும். சிங்கவேள் மூன்று வருஷமாகக் குடை பிடித்துவிட்டார். தென்கரை ராஜா நல்ல உயரம். நம்முடையவர் அப்படி இல்லை. குதிகாலைத் தூக்கிக்கொண்டு மூன்று சுற்று நடப்பது எப்படி இருக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இந்த வருஷம் அணியில் ஓர் இடம் காலியாயிற்று. தளபதி மழவராயர் தம் மருமகனைக் கூட்டிவந்து நிறுத்தினார்.

"மகாராஜா, பத்து எறிந்தால் பத்தும் கூடையில் விழும்!"

அரசவை விகடர் அம்பலவாணரும் ஓர் ஆளைக் கூட்டிவந்தார். பெயர் இருளாண்டி. கிடை ஆடு மேய்க்கிறவன். கையும் காலும் நீளம்.

"நீ எத்தனை கூடை போடுவாய்?" என்று ராஜா கேட்டார்.

"நான் போட்டதில்லீங்க சாமி."

"ஒன்றுகூடவா?"

"பட்டி வாசல்ல நிப்பேங்க. ஆடு வெளிய போகாது. அம்புட்டுதான் தெரியும்."

சபை சிரித்தது. மழவராயர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"ஓய் அம்பலவாணரே, தென்கரைக்காரர்கள் என்ன, ஆடுகளா?"

"இல்லை தளபதியாரே. ஆடு அவர்களைவிடக் கெட்டிக்காரப் பிராணி. போன வருஷம் நாம் நாற்பது கூடை போட்டோம். அவர்கள் ஐம்பத்திரண்டு போட்டார்கள். நம்மிடம் எறிகிறவர்களுக்குக் குறைச்சல் இல்லை. தடுக்கத்தான் ஆள் இல்லை. இவன் நின்றால் அதில் இருபது விழாது."

"விழாத கூடையை யார் பார்த்தது?" என்றார் மழவராயர்.

ராஜாவுக்கு அது சரியாகப் பட்டது. "நல்ல கேள்வி. அம்பலவாணரே, அந்த விழாத கூடைகளை நாளை பொழுது சாய்வதற்குள் எனக்குக் காட்டும். காட்டாவிட்டால் நீரும் இவனோடு ஆடு மேய்க்கப் போகலாம்."

இருளாண்டிக்கு முகம் வாடிவிட்டது. "சாமி, என்னால உங்களுக்கும் கெட்ட பேரு. நான் கிடைக்கே போயிடறேனே."

"போகலாம் இரு" என்றார் அம்பலவாணர். " நாளைக்கு எனக்காக ஒரு வாசலில் நில். நம் கூட்டத்து ஆட்களை மட்டும், அதுவும் நான் சொன்ன பிறகு விடு. யார் மேலும் விரல் படக்கூடாது."

மறுநாள் மத்தியானம். ராஜா மழவராயரோடு சாப்பிட வந்தார். உள்ளே இலை போட்டாயிற்று. வற்றல் குழம்பின் வாசனை தாழ்வாரம்வரை வந்தது. வாசலில் இருளாண்டி கையை விரித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் அம்பலவாணர்.

காவலர்கள் ஓடிவந்தார்கள். ராஜா கையமர்த்தினார்.

"விலகுங்கள்! நான் ஆடாத ஆட்டமா? நானே போகிறேன்."

இடப்பக்கம் போனார். அங்கே இருளாண்டி. வலப்பக்கம் போனார். அங்கேயும் இருளாண்டி. இடம்போல் காட்டி வலம் பாய்ந்தார். அவன் முன்னதாகவே போய் நின்றிருந்தான். குனிந்து கைக்கடியில் நுழையப் பார்த்தார். கை அவருக்கு முன்னால் குனிந்தது. ராஜாவின் பட்டில் ஒரு நூல்கூட அவன் மேல் உரசவில்லை. கடைசியில் மூச்சு வாங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் போகிறேன் பாருங்கள்" என்று மழவராயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தார். அவருடைய தலைப்பாகை மட்டும் உள்ளே போயிற்று.

"அம்பலவாணரே, பசிக்கிறது ஐயா!" என்றார் ராஜா.

"எத்தனை கவளம் வாய்க்குள் போயிற்று மகாராஜா?"

"ஒன்றுகூட இல்லை!"

"நேற்று பார்க்க வேண்டும் என்றீர்களே, விழாத கூடைகள்? அதோ, இலை நிறைய இருக்கின்றன. எண்ணிக்கொள்ளுங்கள்."

ராஜா இலையைப் பார்த்தார். இருளாண்டியைப் பார்த்தார். மெதுவாகச் சிரிப்பு வந்தது.

"சரி, இவனை அணியில் சேர்த்துக்கொள்கிறேன். ஒரு வருஷ ஒப்பந்தம். விடச் சொல்லும்."

அம்பலவாணர் மடியிலிருந்து ஓலையை எடுத்தார். "குழம்பு ஆறுகிறது மகாராஜா."

"இரண்டு வருஷம்!"

"அப்பளம் நமுத்துப்போகும்."

"மூன்று! எழுதித் தொலையும்!"

ஓலையில் முத்திரை விழுந்தது. அம்பலவாணர் தலையசைத்தார். இருளாண்டி பணிவாக ஒதுங்கினான். ராஜா ஒரே ஓட்டமாகப் போய் இலைமுன் உட்கார்ந்தார்.

மழவராயரும் பின்னாலேயே நுழையப் போனார். இருளாண்டியின் கை மறுபடி விரிந்தது.

"சாமி," என்று அம்பலவாணரைக் கேட்டான், "நம்ம கூட்டத்து ஆளை விடச் சொன்னீங்க. இவரு நம்ம கூட்டமா, எதிர்க்கூட்டமா?"

அம்பலவாணர் தாடையைத் தடவினார். "நேற்று பார்த்தபோது எதிர்க்கூட்டமாகத்தான் தெரிந்தது. எதற்கும் அவரையே கேள்."

உள்ளே பாயசம் பரிமாறும் சத்தம் கேட்டது.

"நம்ம கூட்டந்தான்டா அப்பா!" என்றார் மழவராயர்.

ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது.