கதவடிக் கேள்வி

இது சிரிப்புக் கதை. ஒரு பொடியன் ஒரு பெரிய ஆசானை ஏமாற்றிய கதை. வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஆனால் இப்போதே சிரித்துவிடக் கூடாது. சிரிக்கிற இடம் கொஞ்சம் தள்ளி இருக்கிறது.

நெடுங்கரை என்ற ஊரில் ஒரு கடிகை இருந்தது. கடிகை என்றால் நாலு பிள்ளைகள் மணலில் விரல் தேய்க்கிற பள்ளி இல்லை. கடல் கடந்தும் மலை கடந்தும் ஆட்கள் வந்து கற்ற பெருங்கல்விச்சாலை. எந்த அரசன் கட்டியது என்பது அரசர்களுக்கே மறந்துபோகும் அளவுக்குப் பழையது. "அவன் நெடுங்கரையில் படித்தவன்" என்று சொன்னால், சந்தையில் மாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருப்பவன்கூட எழுந்து வழிவிடுவான்.

உள்ளே போக ஒரே வழி தெற்கு வாசல். சேர வந்தவன் மூடிய கதவுக்கு வெளியே உட்கார வேண்டும். உள்ளே வாயில் ஆசான் உட்கார்ந்திருப்பார். ஒரு கேள்வி கேட்பார். ஒன்றே ஒன்று, அதுவும் வந்தவனுடைய தொழிலிலிருந்தே. அவன் முகம் அவருக்குத் தெரியாது. அவர் முகம் அவனுக்குத் தெரியாது.

"கண் லஞ்சம் வாங்கும். காது வாங்காது" என்பார் வாயில் ஆசான்.

காதைப் பற்றி அவருக்கு அவ்வளவு பெருமை. கதவுக்கு அப்பால் ஒருவன் இருமினால், எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் என்று சொல்லிவிடுவார். தலைமயிர் கறுத்திருந்த நாளிலிருந்து அவர் அந்தக் கதவுக்குப் பின்னால்தான். அந்தக் காதை ஏமாற்றியவன் யாருமில்லை. அதைத்தான் ஒரு பொடியன் ஏமாற்றினான். பொறுங்கள், வருகிறேன்.

மழை தொடங்கி உப்பளங்கள் மூடிய சமயம். கதவுக்கு வெளியே இரண்டு பேர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஒருவன் உட்கார்ந்தான். மற்றவன் எதையோ பொத்தென்று கீழே போட்டான்.

"யார் அது, கூட இன்னொருவன்?" என்றார் ஆசான்.

"கொற்றன் ஐயா. மூட்டை தூக்க வந்தவன். நமக்குப் படிப்பு ஒத்துக்கொள்ளாது, வயிற்றைப் புரட்டும்."

"நல்லது. வாயை மூடிக்கொண்டு நில்."

"மூடியாயிற்று ஐயா."

ஆசான் உட்கார்ந்திருந்தவனைக் கேட்டார். "உன் பேர்?"

"தத்தன் ஐயா." பதமாகக் கரகரத்த குரல். மண்பானைக்குள்ளிருந்து வருவதுபோல.

"எந்த ஊர்? என்ன தொழில்?"

"அளக்கரை ஐயா. உப்பளம்."

"சரி, தத்தா. உப்பு எப்போது உப்பாகிறது? கடலில் கிடக்கும்போதா, பாத்தியில் பூக்கும்போதா?"

வெளியே சத்தமில்லை.

இந்த இடத்தில் ஒரு செய்தி சொல்ல வேண்டும். கதவடிக் கேள்விக்கு நேரக்கணக்குக் கிடையாது. வெளியே இருப்பவன் எழுந்து போகாதவரை உள்ளே ஆசானும் எழமாட்டார். பொழுது சாய்ந்தாலும் எழமாட்டார். பட்டென்று நல்ல விடை சொல்கிறவர்களை வாதக்கூடத்துக்கு அனுப்புவார். பேசாமல் இருக்கத் தெரிந்தவர்களைத் தன் மாணவர்களாகத் தன்னிடமே வைத்துக்கொள்வார். இது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். வெளியே யாருக்கும் சொல்வதில்லை. சொல்லிவிட்டால் எல்லோரும் வந்து மௌனசாமி ஆகிவிடுவார்கள்.

அன்று தத்தன் பேசாமல் இருந்ததைக் கேட்டு, ஆசான் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். காலை மடித்து வசதியாக உட்கார்ந்தார். இப்படி ஒருவன் வந்து ரொம்ப நாளாகிவிட்டது என்று அவருக்குத் தோன்றியது.

"நாக்கில் பட்டால் ஐயா" என்றது கரகரத்த குரல்.

ஆசானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்தார். சிரித்து முடித்ததும், சாய்த்த முதுகை நிமிர்த்த வேண்டியிருந்ததில் ஒரு சின்ன ஏமாற்றம். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கெட்டிக்காரன். வாதக்கூடத்துக்குப் போ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பிறகு காவலாள் வந்து கதவைத் திறந்தான். தத்தன் உள்ளே வந்தான். மூட்டைக்காரன் வெளியே நின்றுவிட்டான்.

வாதக்கூடம் என்பது வாய்களின் களம். ஒருவன் சொன்னதை இன்னொருவன் மூச்சு வாங்குவதற்குள் வெட்ட வேண்டும். வெட்டத் தெரியாதவன் பின்வரிசைக்குப் போக வேண்டும். அதற்கும் பின்னால் வரிசை இல்லை, சுவர்தான்.

அந்தக் கூடத்துத் தலைவர் ஒரு நாள் ஆசானிடம் வந்தார்.

"என்ன ஐயா, ஊமைப்பிள்ளையை அனுப்பி வைத்திருக்கிறீர்?"

"யாரைச் சொல்கிறீர்?"

"அந்த உப்பளத்துப் பையனை. சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறான். பல்லிகூட நடுவில் ஒரு சத்தம் கொடுக்கும்."

"என் கேள்வியின் ஈரம் காய்வதற்குள் விடை சொன்னவன் அவன்."

"அப்படியானால் எங்களோடு பேச அவனுக்கு மனம் இல்லை போலிருக்கிறது."

ஆசான் தத்தனைக் கூப்பிட்டு அனுப்பினார். வந்து நின்றான். மெலிந்த பையன். பாதங்களில் உப்புத் தின்ற வெடிப்புகள்.

"தலைக்கனமா தம்பி?"

"இல்லை ஐயா."

"பின்னே? கதவடியில் இருந்த வாய் எங்கே போயிற்று?"

தத்தன் தன் பாதத்தைப் பார்த்தான். உதடு அசைவதுபோல் இருந்தது. சொல் வரவில்லை.

கதவுக்குப் பின்னால் பொழுது முழுக்கக் காத்திருக்கத் தெரிந்த ஆசான், அன்று அவன் முகத்துக்கு நேரே ஒரு வெற்றிலை மெல்லும் நேரம்கூடக் காத்திருக்கவில்லை. பேசத் தெரிந்தவன் பேசாமல் நின்றால் அதற்குப் பேர் திமிர்தானே.

"போ. வாய் திறக்கிற நாளில் வந்து என்னைப் பார்" என்றார்.

அதற்குப் பிறகு தத்தனைப் பற்றிக் காதில் விழுந்தவை எல்லாம் மடைப்பள்ளி வழியாக வந்தவை. பையன் விடியலில் குளத்துப் படியில் உட்கார்ந்து தண்ணீரிடம் பேசுகிறானாம். முந்தின நாள் வாதத்தில் தன்னைக் கேட்டதற்கெல்லாம் மறுநாள் தண்ணீருக்குப் பதில் சொல்கிறானாம். "பதில் ஒவ்வொன்றும் ஆணி அடித்தமாதிரி இருக்கிறது ஐயா, ஆனால் மீனுக்கு என்ன தெரியும்" என்று சொல்லி மடைப்பள்ளிக்காரர் சிரித்தார். மழையிலும் போய் உட்கார்ந்தானாம். பிறகு காய்ச்சல் என்றார்கள். பிறகு பாயை விட்டு எழவில்லை என்றார்கள்.

ஆசான் போய்ப் பார்த்தார். பாயோடு பாயாகக் கிடந்தான். அருகில் உட்கார்ந்து கேட்டார்.

"தம்பி, கோபத்தில் கேட்கவில்லை. வாசலில் அப்படிப் பேசினாயே, உள்ளே வந்து ஏன் பேசவில்லை? உன்னை யாராவது ஏதாவது சொன்னார்களா? நான் சொன்னதுதானா?"

தத்தன் அவரைப் பார்த்தான். நேரம் போனது. அவன் யாரையோ காட்டிக்கொடுக்காமல் இருக்கப் பாடுபடுவதுபோல் முகம் இருந்தது. ஆசானுக்கு அது காய்ச்சலின் வேதனையாகத் தெரிந்தது.

"நாளைக்குச் சொல்கிறேன் ஐயா" என்றான்.

மறுநாள் அவன் இல்லை. மாலையில் குளத்தின் அக்கரையில் எரித்தார்கள்.

அன்று இரவெல்லாம் ஆசானுக்கு ஒரே கேள்வி. அப்படிப் பேசிய பிள்ளையை ஊமையாக்கியது எது? தான் போட்ட அதட்டலா? அதற்கு முன்பே ஊமையாகத்தானே நின்றான். யாரைக் கேட்டால் தெரியும்? கூட வந்த மூட்டைக்காரன் ஞாபகத்துக்கு வந்தான். அவன் வாசலுக்கு எதிரே உள்ள சாவடியிலேயே தங்கிவிட்டதாகவும், கூட்டாளி வெளியே வருகிற நாளுக்குக் காத்திருப்பதாகவும் காவலாள் சொன்னான். அவனுக்குச் செய்தியும் சொல்ல வேண்டும். அதை வேறு ஆளிடம் விடக் கூடாது.

தத்தனின் மேல்துணியை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, பகல் சாய்ந்த நேரத்துத் தூறலில், வாயில் ஆசான் தெற்குக் கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தார்.

சிரிக்கிற இடத்துக்கு வந்துவிட்டோம்.

சாவடியில் கடிகைக்குச் சேர வந்தவர்கள், தோற்றவர்கள், மறுபடி முயல்கிறவர்கள் எல்லோரும் மழைக்கு ஒதுங்கி வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒருவன் ஒரு பாயை நிமிர்த்திப் பிடித்து அதைக் கதவாக்கிக்கொண்டிருந்தான். ஆசான் உள்ளே வந்ததை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தாலும் தெரிந்திருக்காது. அவர் முகத்தை வெளியில் யார் பார்த்தது? ஒரு ஓரமாக, தூணருகே உட்கார்ந்தார்.

பாய்க்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கண் லஞ்சம் வாங்கும். காது வாங்காது. யார் அது, கூட இன்னொருவன்?"

ஆசானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் குரல். தன் தொண்டைக் கமறல்கூட அதில் இருந்தது. சாவடி சிரித்தது.

"டேய் கொற்றா, கிழவர் கேட்டால் உன்னைக் கொன்றுவிடுவார்" என்றான் ஒருவன்.

"அவருக்கு என் குரல் எங்கே கேட்கப்போகிறது? அவருக்குத் தன் குரல்தான் கேட்கும்" என்றான் கொற்றன். பாயின் இந்தப் பக்கம் தாவி வந்து குந்தினான். அவன் வாயிலிருந்து இன்னொரு குரல் வந்தது.

"தத்தன் ஐயா. அளக்கரை. உப்பளம்."

ஆசானின் கை மடித்த துணியை இறுக்கிக்கொண்டது. நேற்று எரித்த பிள்ளையின் குரல்.

"கிழவர் கேட்டாயிற்று, உப்பு எப்போது உப்பாகும் என்று" என்று கொற்றன் தன் குரலுக்குத் திரும்பினான். "இப்போது நம்ம தத்தன் யோசிக்கிறான். லேசுப்பட்ட யோசனையா? ஊரில் அவனுக்கு நாளைக்காரன் என்று பேர். பசிக்கிறதா என்று கேட்டால் மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்குத் தலையாட்டுவான். எதிர்ப்பட்ட பண்டாரம், பரதேசி ஒருவர் விடாமல் கெஞ்சி எழுத்துப் படித்தவன். நெடுங்கரை நெடுங்கரை என்று தூக்கத்திலும் பினாத்துகிறவன். கிழவர் எழுந்து போய்விட்டால் செத்தே போவான். பார்த்தேன். மெல்லக் குனிந்தேன்."

குனிந்தான். கரகரத்த குரலில் சொன்னான்.

"நாக்கில் பட்டால் ஐயா."

உடனே தாவிப் பாய்க்குப் பின்னால் போய், வாயில் ஆசானின் சிரிப்பைச் சிரித்தான். அன்று அவர் சிரித்தது அப்படியே.

சிரிக்கிற இடம் இதுதான். சாவடி உருண்டு புரண்டு சிரித்தது. ஒருவன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு இருமினான். தூணருகே இருந்தவர் மட்டும் அசையவில்லை.

"என்ன பெரியவரே, சிரிப்பு வரவில்லையா? பல் காட்ட வெட்கமா?" என்றான் கொற்றன்.

"அன்று அவன் பேசவே இல்லையா?" என்றார் ஆசான்.

அந்தக் குரலைக் கேட்டதும் சாவடி மறுபடி சிரித்தது. "பாருடா, வாயை அசைக்காமலே பேசுகிறான்" என்றான் ஒருவன்.

கொற்றன் சிரிக்கவில்லை. கையிலிருந்த பாய் சரிந்து விழுந்தது. ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

அவன் வந்து காலில் விழுந்தான்.

"ஐயா, தப்பு என்னுடையது. விளையாட்டுக்குச் செய்தேன். அவன் பாவம் ஐயா, அவனுக்கு இதில் பங்கில்லை. உள்ளே போகமாட்டேன் என்றுதான் நின்றான், நான்தான் பிடித்துத் தள்ளினேன். அவனை வெளியே அனுப்பிவிடாதீர்கள்."

ஆசான் மடித்த துணியை அவன் முன்னால் வைத்தார். கொற்றன் அதைப் பார்த்தான். கையால் தொடவில்லை.

"காய்ச்சல்" என்றார். "நேற்று."

பிறகு கொற்றன் பேசினான். அது யாருடைய குரல் மாதிரியும் இல்லை.

"நான் வாய் திறக்காமல் இருந்திருந்தாலும் நீங்கள் அவனைச் சேர்த்திருக்கமாட்டீர்கள். தோற்றுத்தான் போயிருப்பான். இல்லையா ஐயா? அதையாவது சொல்லுங்கள்."

ஆசான் வேறொன்று கேட்டார்.

"கேட்ட குரல் எதுவும் உனக்கு வருமா?"

"வரும் ஐயா."

"என் கேள்விக்கும் உன் விடைக்கும் நடுவில் அவன் கொஞ்சம் பேசாமல் இருந்தானே. அதைச் செய்து காட்டு."

கொற்றன் வாயைத் திறந்தான். மூடினான்.

ஆசான் தூணில் முதுகைச் சாய்த்தார். காலை மடித்து வசதியாக உட்கார்ந்தார். கொற்றன் அந்த முதுகைப் பார்த்தான், மடித்த காலைப் பார்த்தான்.

"அன்று உள்ளேயும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தீர்களா ஐயா?"

"செய்" என்றார் ஆசான். "அவசரம் இல்லை."