பாகன் மகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்காத கதை

பாட்டுக் கேட்காமல் சோறு இறங்காத ராஜா ஒருவர் முன்னொரு காலத்தில் இருந்தார். பெயர் விசயகீர்த்தி. பிள்ளைகள் படிக்க அரண்மனையிலேயே ஒரு பாட்டுச் சாலை கட்டியிருந்தார். ஒரு விழாவில் அந்தப் பிள்ளைகள் பாடியபோது பாதிப் பேர் சுருதியை விட்டு எங்கோ போய்விட்டார்கள். ராஜாவுக்குக் கோபம் பொங்கியது.

"பாட வரப்போகிற பிள்ளை எது, வராத பிள்ளை எது என்று முன்கூட்டியே எனக்குத் தெரிய வேண்டும். வரும் பிள்ளைக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும்!"

ஆஸ்தான வித்துவான் நாதமூர்த்தி எழுந்து வணங்கினார். "அது மிக எளிது அரசே. காது நீண்டிருக்க வேண்டும். கழுத்து சங்கு போல் இருக்க வேண்டும். தகப்பன் சபையில் பாடியவனாக இருக்க வேண்டும். இல்லாத பிள்ளைக்குத் தலைகீழாக நின்று சொல்லிக்கொடுத்தாலும் பாட்டு வராது."

மறுநாளே பிள்ளைகளை நிறுத்திக் காதையும் கழுத்தையும் அளந்தார்கள். வித்துவானின் தங்கை பிள்ளைகள் அத்தனை பேரும் தேறினார்கள். யானைப் பாகன் மகள் செங்கமலத்துக்குக் காது சின்னது.

"உன் அப்பன் யாருக்குப் பாடினான்?" என்று கேட்டார் வித்துவான்.

"யானைக்கு" என்றாள் அவள்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிறுமி அங்கே அழவில்லை. யானைக் கொட்டிலுக்கு ஓடிப்போய் யானையின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அரண்மனை விகடகவி சோலையப்பனுக்குப் பாகன் வீட்டுக்கு அடுத்த வீடு. தினமும் யானையைக் குளிப்பாட்டும்போது பாகன் ஓர் அடி பாடுவதும், மகள் அடுத்த அடி பாடுவதும், தப்பினால் இருவரும் சிரித்துவிட்டு மறுபடி பாடுவதும் அவனுக்குத் தெரியும். நேரே சபைக்குப் போனான்.

"அரசே, இந்த அளவெல்லாம் பொய். செங்கமலம் பாடுவாள்."

ராஜாவின் ஆணையைப் பொய் என்று யாரும் சொன்னதில்லை. இவனை எப்போது விரட்டலாம் என்று காத்திருந்த வித்துவானுக்குக் கொண்டாட்டம்.

"அப்படியானால் தை பிறந்ததும் அவள் இங்கே கீர்த்தனை பாடட்டும். ஆனால் அவள் பாட்டுச் சாலைக்குள் கால் வைக்கக் கூடாது. நாட்டில் ஒருவரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. மீறினால் இவனை நாடு கடத்த வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

"எனக்கும் சம்மதம்" என்றான் சோலையப்பன்.

பாட்டுச் சாலையின் சன்னலுக்குக் கீழேதான் யானை குளிக்கும் குளம். செங்கமலம் அப்பாவோடு யானையைத் தேய்த்துக்கொண்டே உள்ளே நடக்கும் பாடத்தைக் கேட்பாள். சாயங்காலம் சோலையப்பன் அவள் எதிரில் கைகட்டி உட்காருவான்.

"எனக்குச் சொல்லிக்கொடு, தாயி."

"மாமா, மறுபடியும் தப்பு. அந்த இடத்தில் நிற்கணும். நீங்க ஓடுறீங்க."

"நான் நிற்கத்தான் பார்க்கிறேன். குரல்தான் வழுக்குது. இன்னொரு தரம் பாடு."

அவனுக்கு ஓர் அடி ஏறுவதற்குள் அவள் அதைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டியிருந்தது. அவன் கேட்ட சந்தேகத்துக்குப் பதில் தெரியாவிட்டால், மறுநாள் குளத்தில் இன்னும் கூர்ந்து கேட்டுவிட்டு வருவாள்.

தை பிறந்தது. சபை நடுவில் நின்று செங்கமலம் பாடினாள். முதல் அடியிலேயே பேச்சு அடங்கியது. பாடி முடித்தபோது ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வித்துவான் துள்ளி எழுந்தார். "மோசடி! தினமும் இவன் வீட்டில் பாட்டுப் பாடம் நடப்பதை என் ஆட்கள் கேட்டிருக்கிறார்கள்!"

"உண்மையா, சோலையப்பா?"

"பாடம் நடந்தது உண்மைதான் அரசே. ஆனால் குரு இவள், சீடன் நான். இவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பதே தங்கள் ஆணை. இவள் யாருக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று ஆணை இல்லையே! பாட்டுச் சாலைக்குள் இவள் காலும் வைக்கவில்லை. காது மட்டும் போய் வந்தது. அந்தக் காதைத்தான் உதவாது என்று வித்துவான் தள்ளிவிட்டாரே!"

"பொய்! சீடன் என்றால் இவன் பாடட்டும்!" என்று கத்தினார் வித்துவான்.

சோலையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினான். மந்திரிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். வாசலில் நின்ற குதிரை கனைத்தது. ஆனால் ராஜாவின் கை தொடையில் தாளம் போட்டது. ஓர் இடத்திலும் தாளம் தப்பவில்லை, ஓர் அடியும் விடுபடவில்லை. பாட்டு முடிந்ததும் ராஜா கிரீடம் சரியச் சரியச் சிரித்தார்.

"உனக்கே இவ்வளவு ஏற்றிவிட்டாள் என்றால் இவள் மகா குருதான்! சரி, பாட்டு வரும் பிள்ளைக்கு என்னதான் அடையாளம்?"

"எனக்குத் தெரியாது அரசே. வித்துவானுக்கும் தெரியாது. அவர் மருமகன்களில் மூத்தவன் நன்றாகத்தான் பாடுகிறான், அவனுக்கு ஆசை இருக்கிறது. இவளுக்கு ஆசையும் இருந்தது, வீட்டில் கூடப் பாட ஓர் அப்பாவும் இருந்தார். தப்பினால் திட்டாத அப்பா. ஆசையை எந்த முழத்தால் அளப்பது?"

அன்றே பாட்டுச் சாலைக் கதவை எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடச் சொன்னார் ராஜா. அளப்பதற்குப் பதில் இனி எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி வித்துவானுக்கு உத்தரவானது. செங்கமலத்துக்கு முத்துமாலை, சோலையப்பனுக்குப் பட்டுச் சால்வை. கடைசியில் ராஜா தன் வைர மோதிரத்தையும் கழற்றினார்.

"இனிமேல் நீ பாடுவதில்லை என்று வாக்குக் கொடு. இதுவும் உனக்குத்தான்."

சோலையப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "மன்னிக்க வேண்டும் அரசே. நாளைக்கு என் குரு அடுத்த கீர்த்தனையை ஆரம்பிக்கிறார்."

ராஜா மறுபடியும் வாய்விட்டுச் சிரித்து, மோதிரத்தை அவன் விரலில் போட்டுவிட்டார்.