ஏழு இலைக் கன்றுக்கு ஏழரைப்பாளையம் கண்ட முடிவு

ஒரே ஒரு ஊராம். அதுக்கு ஏழரைப்பாளையம் என்று பேராம். அங்கே எல்லாருக்கும் அறிவு நிறைய இருந்ததாம். யாரும் அதை எடுத்துச் செலவு பண்ணாததால் புத்தம்புதுசாகவே இருந்ததாம்.

அந்த ஊர் நாச்சிமுத்துவின் கண்ணில் ஒரு நாள், பஸ் ஸ்டாப் சுவர் வெடிப்பில் முளைத்திருந்த அரசங்கன்று ஒன்று பட்டது. ஒரு சாண் உயரம், ஏழு இலை. மறுநாள் வெள்ளையடிக்க வருகிறவர்கள் அதைப் பிடுங்கி எறியப்போகிறார்கள் என்று கேட்டதும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. நேராகப் போய்த் தலைவர் ஆறுக்குட்டியின் முன்னால் நின்றான்.

"தலைவரே, நம்மளை நம்பி மொளைச்சிருக்குதுங்க. அதைச் சாக விட்டா நானெல்லாம் ஒரு மனுசனா?"

தலைவர் உருகிப்போனார். டவுனில் நர்சரி வைத்திருக்கும் தனசேகருக்குப் போன் போட்டார். "வேர் எதைப் புடிச்சிருக்குதோ அதோட சேர்த்து, அசையாம எடுத்துட்டு வாங்க" என்றார் தனசேகர்.

வேர் சுவரைப் பிடித்திருந்தது. ஆகவே பன்னிரண்டு பேர் சேர்ந்து சுவரை எடுத்தார்கள். கூரை கீழே வந்தது. உள்ளே போகலாமா வேண்டாமா என்று எல்லாரும் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்ததால் யாருக்கும் அடியில்லை. "இனிமே பஸ் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தெரியும்" என்று தலைவர் சந்தோஷப்பட்டார்.

டெம்போவில் வந்து இறங்கிய சுவரைத் தனசேகர் கொஞ்ச நேரம் பார்த்தார். சுத்தியலால் செங்கலைத் தட்டி உடைத்து, வேரை விடுவித்து, ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்தார்.

"இதைப் போன்சாயாவும் வளர்க்கலாம். அகலச் சட்டியில வெச்சு, கிளையையும் வேரையும் அப்பப்பக் கத்தரிச்சுட்டே இருந்தா முழங்கால் உயரத்துலயே நிக்கும். ஆனா பார்க்க நூறு வயசு மரமாட்டத் தெரியோணும், அதுலதான் வித்தையே. இல்லே, வெளியில தரையில நட்டுட்டா பத்து வருசத்துல ஊரே நிழல்ல உக்காரலாம். எது ஒத்து வரும்னு பார்த்துக்கங்க. ஆனா மூணு நாளைக்குள்ள எதுலயாவது வெச்சுருங்க. தாண்டுச்சுன்னா கன்னு பட்டுப்போயிரும்."

வழியெல்லாம் நாச்சிமுத்து இலைகளை எண்ணிக்கொண்டே வந்தான். ஏழு.

முதல் நாள் நிழலைச் சோதித்தார்கள். ஊரே பாயோடு மைதானத்துக்கு வந்தது. நடுவில் கன்றை நிறுத்தி, முதலில் நாச்சிமுத்துவைப் படுக்கச் சொன்னார்கள்.

"எப்படி இருக்குது?"

"மூக்கு குளுகுளுன்னு இருக்குதுங்க. மத்த இடமெல்லாம் சுடுது."

ஒரு மூக்குக்குக் கால் மணி நேரம் என்று தலைவர் வரிசை போட்டார். "எம் மூக்கு பெருசு. எனக்கு அரை மணி நேரம் வேணும்" என்றாள் பொன்னாத்தா. அது நியாயமா என்பதை ஆராயவே ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் ஓர் இலை வாடித் தொங்கியது. நாச்சிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய்ப் பெரிய குடை ஒன்றைக் கொண்டுவந்து கன்றுக்கு மேலே விரித்துப் பிடித்தான்.

"அட, நிழலு பெருகிருச்சே!" என்று ஆறு பேர் பாய்ந்து உள்ளே வந்தார்கள்.

ஊரில் கணக்குத் தெரிந்தவர் என்று பேர் வாங்கிய செங்கோடன் மட்டும் சிரிக்கவில்லை. "ஒரே நாள்ல இத்தனை நிழல்னா, பத்து வருசத்துல?"

"பத்து வருசத்துல?"

"பக்கத்து ஊரு இருட்டாயிரும். அவங்க சண்டைக்கு வருவாங்க."

எல்லாரும் பயந்து பாயைச் சுருட்டினார்கள். அன்று இரண்டு இலை உதிர்ந்தது.

இரண்டாம் நாள் போன்சாய். நூறு வயசு என்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க, ஊரிலேயே மூத்த அர்த்தனாரி அப்பாருவைத் தூக்கிக்கொண்டு வந்து கன்றுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

"முதுகு வளைஞ்சிருக்கோணும்."

"பல்லு இருக்கப்படாது."

செங்கோடன் கன்றைக் குனிந்து பார்த்துவிட்டு, "பல்லு இல்லீங்க" என்றார்.

"அப்பாருக்குத் தலையில நாலே முடி. இதுல அஞ்சு எலை இருக்குதே" என்று தலைவர் ஓர் இலையைக் கிள்ளப் போனார். நாச்சிமுத்து குறுக்கே விழுந்தான்.

"வேண்டாமுங்க தலைவரே! அதுக்குப் பதிலா அப்பாருக்கு ஒரு முடி ஒட்டிரலாமுங்க!"

சபை இந்த யோசனையை மெச்சியது. ஆட்டு முடி ஒன்றைக் கோந்து தடவி ஒட்டினார்கள். அப்பாரு அதுவரைக்கும் பொறுமையாக இருந்துவிட்டு, "எனக்கு எங்கடா நூறு ஆச்சு? தொண்ணூத்தி மூணுதான். ஏழு வருசம் கழிச்சு வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார். விஷயம் ஏழு வருஷத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. கன்று அத்தனை நாள் காத்திருக்கவில்லை. அன்றைக்கே இன்னோர் இலையை உதிர்த்தது.

மூன்றாம் நாள் காலையில் நான்கு இலைகளைப் பார்த்துக்கொண்டே நாச்சிமுத்து அழுகிற குரலில் தனசேகருக்குப் போன் போட்டான்.

"இன்னும் எதுலயும் வைக்கலீங்களா!" என்று அவர் கத்தினார். "இன்னிக்குச் சாயங்காலம் தாண்டுனா அவ்வளவுதான். முதல்ல ஆடு கீடு வராம சுத்தி வேலி போடுங்க. போட்டுட்டு எல்லாரும் உக்காந்து முடிவு பண்ணுங்க. நான் வந்து பார்க்கறேன்."

ஊர் திரண்டது. கன்றை நடுவில் வைத்து, எல்லாரும் சுற்றி நின்று, உள்ளே இருந்தபடியே மார்பு உயரத்துக்கு முள்வேலி போட்டார்கள். வழி வைத்தால் அது வழியாக ஆடு வரும் என்பதால் வழி வைக்கவில்லை. பிறகு சொன்னபடி உட்கார்ந்தார்கள்.

மத்தியானம் பொன்னாத்தா எழுந்தாள். "அடுப்புல சோறு கெடக்குது. நான் எப்படி வெளிய போறது?"

எல்லாரும் எழுந்து வேலியைச் சுற்றி வழி தேடினார்கள். வேலிக்கு வெளியே ஓர் ஆடு நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"நாம போட்ட வேலியை நாமளே பிரிச்சா அது சிரிக்கும்" என்றார் செங்கோடன்.

நாச்சிமுத்து கன்றைப் பார்த்தான், வேலியைப் பார்த்தான். அவனுடைய புத்தம்புது அறிவில் ஒரு துளி செலவானது.

"தலைவரே! கன்னை இங்கயே தரையில நட்டுட்டா பத்து வருசத்துல மரமாயிருமுங்க. ஏறி, கெளையப் புடிச்சுட்டு, வேலிக்கு அக்கட்ட குதிச்சுரலாம்!"

"சட்டியில வெச்சா?"

"முழங்கால் உயரத்துல ஏறி எங்கீங்க குதிக்கறது?"

மூன்று நாளாகத் தீராத வழக்கு ஒரு நொடியில் தீர்ந்தது. ஒருவர்கூட மறுக்கவில்லை. கையாலேயே குழி தோண்டி, கன்றை நட்டு, குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் ஊற்றினார்கள். நாச்சிமுத்து எண்ணிப் பார்த்தான். நான்கு இலையும் நின்றன.

சாயங்காலம் மொபெட்டில் வந்து இறங்கிய தனசேகர், வேலிக்குள் இருந்த ஊரைப் பார்த்தார். ஒரு குச்சியை எடுத்து, ஒரு முள்ளுக்கட்டைத் தூக்கி ஓரமாக நகர்த்தினார். ஆள் போகிற அளவுக்கு வழி தெரிந்தது.

"வாங்க வெளிய."

தலைவர் அந்த வழியை ரொம்ப நேரம் பார்த்தார். "வெளிய போக வழி கெடைச்சுருச்சு. அப்புறம் மரம் எதுக்கு? தீர்மானம் செல்லாது. கன்னைப் புடுங்குங்க, முதல்லயிருந்து ஆராயலாம்."

இரண்டு பேர் குனிந்தார்கள். நாச்சிமுத்து பாய்ந்தான். வெறுங்கையால் முள்ளுக்கட்டைப் பிடித்து இழுத்துப் பழைய இடத்திலேயே வைத்து அடைத்தான். கையெல்லாம் ரத்தம்.

"எங்கீங்க வழி? நீங்களே வந்து பாருங்க!"

தலைவர் வந்தார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். "ஆமா. வழி இல்லை. தீர்மானம் செல்லும்" என்றார். ஊர் கை தட்டியது.

தனசேகர் வண்டியைத் திருப்பினார்.

"தம்பீ!" என்று தலைவர் வேலிக்கு மேலே எட்டிக் கூப்பிட்டார். "போறதுதான் போறீங்க, நல்ல உயரமா ஒரு ஏணி அனுப்பி வைங்க."

தனசேகருக்கு முகம் மலர்ந்தது. "வேலியைத் தாண்டி வாரதுக்குங்களா?"

"அடச்சே! மரம் வளந்ததும் அதுல ஏறோணுமில்ல?"

தனசேகர் வண்டியில் ஏறவே மறந்து, அதைத் தள்ளிக்கொண்டே நடந்து போய்விட்டார்.