கூளிப்பள்ளத்தில் குட்டி தேடியவர்கள்

முன்னொரு காலத்திலே, காட்டில் இருந்த எல்லா மிருகங்களுக்கும் பேச்சு வந்துவிட்டிருந்தது. கேட்கிற வழக்கம்தான் இன்னும் வரவில்லை. அந்தக் காலத்திலே மரிக்கொழுந்து என்று ஒரு புள்ளிமான் இருந்தாள். அவளுக்கு ஒரே குட்டி. நெற்றியில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்ததால் பொட்டு என்று பெயர். பிறந்து காலைச் சரியாக ஊன்றக்கூட இன்னும் பழகவில்லை.

ஓடத் தெரியாத குட்டிக்கு மான்கள் ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக்கொடுக்கும். மரிக்கொழுந்தும் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"சத்தம் கேட்டா படுத்துக்கோ, பொட்டு. எந்தச் சத்தமா இருந்தாலும் சரி. உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் சரி. காதைக்கூட ஆட்டாதே. சுத்துமுத்தும் அடங்கின பிறகு எழுந்திரு."

பொட்டு அந்தப் பாடத்தை நன்றாகவே படித்துவிட்டான். படுத்தானென்றால் சருகு எது, அவன் எது என்று பெற்றவளுக்கே தெரியாது.

அந்த வருஷம் கோடை கடுமை. குளம் சேறாகி, சேறும் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. தாய்க்குத் தண்ணீர் இல்லையென்றால் குட்டிக்குப் பால் ஏது? ஒரு நாள் காலையில் மரிக்கொழுந்து பொட்டுவைக் கூட்டிக்கொண்டு கரட்டுக் குன்றைத் தாண்டி அந்தப் பக்கம் இருந்த கூளிப்பள்ளத்துக்குப் போனாள்.

கூளிப்பள்ளம் சரியான அத்துவானம். முள்ளும் பாறையும் சருகும் தவிர ஒன்றும் கிடையாது. பாறையிடுக்கில் ஓர் ஊற்று மட்டும் கசிந்துகொண்டிருந்தது. பகலில் அங்கே யாரும் வருவதில்லை. பொழுது சாய்ந்தால் செந்நாய்கள் தண்ணீர் குடிக்க வரும். அதனால் பொழுது சாய்கிற வேளையிலும் வேறு யாரும் வருவதில்லை.

பொட்டுவை ஒரு காரைப் புதரின் நிழலில் படுக்கவைத்துவிட்டு மரிக்கொழுந்து ஊற்றுக்கு இறங்கித் தண்ணீர் குடித்தாள். அப்போதுதான் பட்டுப்போன மரம் ஒன்றின் கிளை மடாரென்று முறிந்து விழுந்தது. அவள் ஓடிவந்து பார்த்தாள். நிழல் இருந்தது, குட்டி இல்லை.

மிரண்டு எங்கேயோ தத்தித் தத்திப் போய்ப் படுத்திருக்கிறான். அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கத்தவில்லை. மண்ணை மோந்து, குளம்படியைப் பார்த்துப் பார்த்து அடிமேல் அடி வைத்தாள். வழியில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. அதனிடம் மெதுவாகக் கேட்டாள்.

"என் குட்டி இந்தப் பக்கம் போச்சா, பாத்தியா?"

மைனா கழுத்தை நீட்டியது. "குட்டியைக் காணோமாக்கா? எப்போ? எப்படி? ஒத்தைப் பிள்ளையாச்சே! இரு, இதோ வந்துடறேன்."

"எங்கே போறே? யாருகிட்டயும் சொல்லாதே."

"நான் யாருகிட்டக்கா சொல்லப்போறேன்?" என்றபடியே அது பறந்துவிட்டது.

மரிக்கொழுந்து இன்னும் ஒரு புதரைக்கூடச் சுற்றி முடிக்கவில்லை. கரட்டுக்கு மேலே புழுதி எழும்பியது. காடே கிளம்பி வந்துகொண்டிருந்தது.

முதலில் வந்தது கொம்பன் யானை. "தங்கச்சி, கவலையை விடு. நான் வந்துட்டேன். எங்கே தொலைஞ்சான் பய?"

"அண்ணே, கொஞ்சம் அங்கேயே நில்லுங்க. குளம்படி தெரியுது. அதைப் பிடிச்சுப் போனா..."

"எங்கே தெரியுது?"

"உங்க காலுக்குக் கீழே."

யானை முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தது. "இங்கே ஒண்ணும் இல்லையே" என்று அதைப் பக்கத்தில் வைத்தது. "இங்கேயும் இல்லையே." அடுத்த காலையும் தூக்கி வைத்தது. இப்படி நாலு காலாலும் தேடி முடித்தபோது, கூளிப்பள்ளத்தில் யானையின் அடியைத் தவிர வேறு யாருடைய அடியும் இல்லை.

அதற்குள் மயில் வந்துவிட்டது. பன்றிகள் கூட்டமாக வந்துவிட்டன. கடைசியில் பெரியகருப்புக் கரடி வந்தது. காட்டில் எது நடந்தாலும் பெரியகருப்புக்கு ஒரு மேடை வேண்டும். அங்கே ஒரு கறையான் புற்று உயரமாக நின்றது. கரடி அதன்மேல் ஏறிக்கொண்டது. ஏறியதற்கு உயரம் ஒரு காரணம், கறையான் இன்னொரு காரணம்.

"எல்லாரும் இங்கே பாருங்க!" என்று அது ஆரம்பித்தது. "இது ஒரு மானுக்கு வந்த கஷ்டம் இல்லை. காட்டுக்கே வந்த கஷ்டம். யாரு எந்தத் திசைன்னு இப்பவே பிரிச்சுக்குவோம். அப்புறம் சண்டை வரக்கூடாது."

உடனே சண்டை வந்தது. தெற்கே இலுப்பை பூத்திருந்ததால் தெற்கு தனக்குத்தான் என்று கரடி சொன்னது. வாழ்நாளெல்லாம் தெற்கே தேடித்தான் தனக்குப் பழக்கம் என்று யானை சொன்னது. பன்றிகள் திசையே கேட்கவில்லை. நின்ற இடத்தில் மூக்கை நுழைத்துக் கிழங்கு தோண்ட ஆரம்பித்துவிட்டன.

மரிக்கொழுந்து போய்க் கேட்டாள். "குட்டி மண்ணுக்கடியிலயா இருக்கும்?"

"எங்கேயும் விடாம தேடணும்ல, அக்கா" என்றது ஒரு பன்றி, வாய் நிறைய மென்றுகொண்டே.

பிறகு எல்லாரும் கூப்பிட ஆரம்பித்தார்கள். யானை பிளிறியது. மயில் அகவியது. "பொட்டூ! ஏ பொட்டூ!" என்று பாறைக்குப் பாறை எதிரொலித்தது. மரிக்கொழுந்து கரடியிடம் ஓடினாள்.

"அண்ணே, கும்பிட்டுக் கேக்கறேன். யாரும் சத்தம் போடாதீங்க. சத்தம் கேட்டா அவன் அசையவே மாட்டான். நான் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கேன். நீங்க எல்லாரும் சும்மா இருந்தாலே அவன் தானா எழுந்து வந்துடுவான்."

கரடி திகைத்துப்போய் அவளைப் பார்த்தது. "சும்மா இருக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?"

"கூப்பிட்டா வராத பிள்ளையா?" என்றது மயில். "என்ன வளர்ப்போ."

"பச்சைக்குட்டியை இந்த அத்துவானத்துக்குக் கூட்டிட்டு வரச்சொல்லி யாரு அழுதா?" என்றது யானை.

மைனா எல்லாருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. "நான் பாத்தப்பவே அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடலே. எனக்கு அப்பவே என்னமோ மாதிரி இருந்துச்சு."

மரிக்கொழுந்து பதில் பேசினால் அதற்கு எட்டுப் பதில் வரும், சத்தம்தான் இன்னும் கூடும். காலையிலிருந்து அவள் மடி கனத்துக் கல்லாகிக்கிடந்தது. எங்கேயோ ஒரு சருகுக் குவியலில் அவன் வாய் உலர்ந்து படுத்திருப்பான். மோந்து பார்க்கலாமென்றால் எங்கே திரும்பினாலும் பன்றி வாடையும் கரடி வாடையும்தான் வந்தன. குட்டியைத் தேட வந்தவர்கள் குட்டியின் அடியை அழித்தார்கள், வாடையை அழித்தார்கள், அமைதியையும் அழித்தார்கள். இதற்குமேல் அழிக்க ஒன்றும் இல்லாததால் உட்கார்ந்து இளைப்பாறினார்கள்.

வெயில் மஞ்சளாகியது. கரட்டின் நிழல் மெல்ல நீண்டு பள்ளத்துக்குள் இறங்கியது. எல்லார் கண்ணும் அடிக்கடி ஊற்றுப் பக்கம் போய்வந்தது. செந்நாய் என்ற வார்த்தையை மட்டும் யாரும் சொல்லவில்லை. யானைக்கு வீட்டில் வேலை இருப்பது ஞாபகம் வந்தது. பன்றிகளுக்குப் பிள்ளைகள் தனியாக இருப்பது ஞாபகம் வந்தது. ஆனால் தேட வந்த இடத்திலிருந்து வெறுமனே கிளம்பிப்போனால் நாளைக்கு யாராவது ஏதாவது சொல்வார்களே? ஆகவே பெரியகருப்பு மறுபடியும் புற்றின்மேல் ஏறியது. இந்தத் தடவை குரல் தழுதழுத்தது.

"நம்மால ஆனதையெல்லாம் செஞ்சாச்சு. இனிமே மனசைத் தேத்திக்க வேண்டியதுதான். பொட்டு நம்மை விட்டுப் போயிட்டான்."

"அவன் சாகலே, அண்ணே" என்றாள் மரிக்கொழுந்து. "நீங்க எல்லாரும் கிளம்பிப் போங்க. எனக்கு அது போதும்."

"பெத்த வயிறு அப்படித்தான் பேசும்" என்று கரடி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது. "அது எப்பேர்ப்பட்ட பிள்ளை! நேத்துக்கூட என்கிட்ட ஓடிவந்து, மாமா சௌக்கியமான்னு விசாரிச்சான்."

"அவனுக்கு இன்னும் ஓட வராது. உங்களை அவன் பாத்ததே இல்லை."

யாரும் அவளைக் கவனிக்கவில்லை. அடுத்து மயில் எழுந்தது. "அந்த நடை என்ன, அந்தக் கம்பீரம் என்ன! அந்தக் கொம்பின் அழகை நான் இனி எங்கே பார்ப்பேன்?"

"அவனுக்குக் கொம்பே முளைக்கலே, தம்பி."

"முளைச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்னு சொல்றேன்" என்றது மயில் எரிச்சலோடு. "துக்கத்துல குறுக்கே பேசாதீங்க."

பன்றிகள் விம்மின. யானை தும்பிக்கையால் கண்ணைத் துடைத்தது. மைனா மட்டும் யார் யார் அழவில்லை என்று பார்த்துவைத்துக்கொண்டது.

கரடி கையை உயர்த்தியது. "மறைந்த பொட்டுவுக்காக எல்லாரும் எழுந்து நின்று, தலையைக் குனிந்து, மௌன அஞ்சலி செலுத்துவோம். யாரும் பேசக்கூடாது, அசையக்கூடாது."

எழுந்தார்கள். குனிந்தார்கள். காலையிலிருந்து முதன்முதலாகக் கூளிப்பள்ளம் அடங்கியது.

மரிக்கொழுந்துக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது. ஊற்று சொட்டுவது கேட்டது. எங்கேயோ ஒரு முள்மரத்தில் நெற்று உரசுவது கேட்டது. அவள் தொண்டைக்குள்ளேயே, மூச்சுக்கும் குரலுக்கும் நடுவில், "ம்ம்" என்றாள்.

கரடி நின்ற புற்றுக்குப் பின்னால் சருகு அசைந்தது. முதலில் ஒரு காது வந்தது. பிறகு வெள்ளைப் புள்ளி வந்தது. பொட்டு நடுங்கிக்கொண்டே எழுந்து நின்று, "ம்மே" என்று மெல்லக் குரல் கொடுத்தான்.

"யாரது?" என்று தலையைக் குனிந்தபடியே கரடி அதட்டியது. "மௌனம் இன்னும் முடியலே. செத்தவனுக்குக் கொஞ்சமாவது மரியாதை கொடுங்க."

"அண்ணே, செத்தவன்தான் கூப்பிடறான்" என்றது ஒரு பன்றி.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான். காடே பிளந்துபோகிற மாதிரி ஆரவாரம் கிளம்பியது.

"மௌனம்னு சொன்னது யாரு? நான்தானே!" என்று கரடி மார்தட்டியது.

"நான் காலை அசைக்காம நின்னதாலதான் பய பொழைச்சான்" என்றது யானை.

"முதல்ல சேதி சொன்னது யாருன்னு மறந்துடாதீங்க" என்றது மைனா.

"மரிக்கொழுந்து வந்து ரெண்டு வார்த்தை நன்றி சொல்லட்டும்" என்றது மயில்.

மரிக்கொழுந்து அவர்களுக்கிடையே புகுந்து ஓடினாள். ஆனால் சத்தம் கேட்ட மறுகணமே பொட்டு பொத்தென்று படுத்துவிட்டான். கண்ணைத் திறந்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு, சருகோடு சருகாகக் கிடந்தான். அவள் முகத்தால் தள்ளிப் பார்த்தாள். கல்லைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. பாடத்தை அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். கரட்டின் நிழல் இப்போது ஊற்றின் விளிம்புக்கே வந்துவிட்டது. இந்தக் கூட்டம் கலையாதவரை குட்டி எழமாட்டான். செந்நாய்கள் வந்தால் இந்தக் கூட்டம் ஓடிவிடும். அவளும் அவனும்தான் மிச்சம்.

மரிக்கொழுந்து அதற்குமுன் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. கெஞ்சிப் பார்த்தாள், கும்பிட்டுப் பார்த்தாள், ஒன்றும் எடுபடவில்லை. அதனால் அன்றைக்குக் கரடியிடமே கரடி விட்டாள்.

காதை நிமிர்த்தி ஊற்றுப் பக்கம் திருப்பினாள். "அண்ணே" என்றாள் ரொம்பத் தாழ்ந்த குரலில். "ஒரு விசில் சத்தம் கேட்டுச்சே. செந்நாய் ஒண்ணையொண்ணு கூப்பிடறாப்ல. உங்களுக்குக் கேட்டுச்சா?"

அப்படி ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஆனாலும் அது எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

"நான் அப்பவே கேட்டேன்" என்றது கரடி. "பயந்துடுவீங்களேன்னு சொல்லாம இருந்தேன்."

"எனக்கு ஒண்ணும் பயமில்லை" என்றது யானை. "வீட்ல தேடுவாங்க." அது திரும்பிப் பார்க்காமல் நடந்தது. பன்றிகள் நடக்கவில்லை, உருண்டன. மயில் எந்தப் பக்கம் பறந்ததென்றே தெரியவில்லை. மைனா இதைப் போய்ச் சொல்வதற்கு இன்னொரு காட்டைத் தேடிப் போய்விட்டது. கரடி மட்டும் கௌரவத்துக்காகக் கொஞ்சம் மெதுவாகப் போனது. கரட்டுமேல் ஏறி நின்று, "நாளைக்கு வந்து எல்லாருக்கும் நன்றி சொல்லிடு, தங்கச்சி. மறந்துடாதே" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் இறங்கியது.

கூளிப்பள்ளம் மறுபடியும் அடங்கியது. பொட்டு எழுந்தான். எழுந்தவுடனே மடியில் முட்டினான். ஊற்றைப் பார்த்தபடியே மரிக்கொழுந்து அவனைக் கொஞ்சநேரம் குடிக்கவிட்டாள். பிறகு முகத்தால் நகர்த்தி முன்னால் விட்டாள்.

"அம்மா" என்றான் பொட்டு, வாயில் பால் நுரையோடு. "அவங்கல்லாம் எதுக்கு அழுதாங்க?"

"பொட்டுன்னு ஒருத்தன் செத்துட்டானாம்."

"பாவம். கொம்பெல்லாம் இருந்துச்சாமே அவனுக்கு."

"ஆமா, ரொம்பப் பெரிய கொம்பு. நீ பேசாம நட."

தாயும் குட்டியும் சருகில் சத்தம் எழாமல், நிழலுக்குள்ளேயே, கரட்டை ஒட்டி நடந்து போனார்கள்.

தொலைந்த பிள்ளையைத் தேட வருகிறவர்கள், முதலில் தங்கள் குரலைத் தொலைத்துவிட்டு வரவேண்டும்.