சுனையடியில் இறக்கிய கேன்

பழங்கல்வெட்டுகளின் வட்டெழுத்தைக் கற்றுக்கொடுக்கும் இளவெயினிக்கு முப்பத்திரண்டு வயது. அவரிடம் பாடம் கேட்கும் கோதண்டபாணிக்கு அறுபத்து மூன்று. மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வு பெற்ற மறுவாரமே வகுப்பில் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தவர். மூன்று வருஷமாக ஒரு ஞாயிறு தவறியதில்லை.

ஒரு ஞாயிறு வகுப்பு முடிந்ததும் அவர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு எழுதியிருந்தார்.

“டீச்சர், லேப்டாப் வாங்கணும். ஒண்ணு நல்ல வேகம், விலையும் கம்மி. ஆனா சார்ஜரோட சேர்த்தா மூணு கிலோ தாண்டுது. இன்னொண்ணு ஒரே கிலோ. கையில எடுத்தா நோட்டுப் புக்கு மாதிரி இருக்கு. வேகம் கொஞ்சம் கம்மி, விலை ரெண்டு மடங்கு. எதை வாங்கட்டும்?”

ஆசிரியை தாளைப் படித்தார். மடித்து அவரிடமே கொடுத்தார்.

“வெள்ளிக்கிழமை ஆந்தைமலைக்கு வரும்போது அந்தக் கனமானதை எங்கேயாவது இரவல் வாங்கிக்கிட்டு வாங்க சார்.”

ஆந்தைமலை என்றதும் கோதண்டபாணி தாளைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார். மலையைக் கல்குவாரிக்கு விடலாமா என்று திங்கட்கிழமை விசாரணை. உச்சிப் பாறையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதன் கடைசி வரியை இதுவரை யாரும் வாசித்ததில்லை. மலை காக்கப்பட வேண்டியது என்று அந்தக் கல்லே சொன்னால்தான் உண்டு என்று அடிவாரத்து ஊரே காத்திருந்தது. வாசிக்கும் பொறுப்பை ஆசிரியை தூக்கி இவர் தலையில் கட்டியிருந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக இருவரும் ஏறினார்கள். மகளிடம் இரவல் வாங்கிய லேப்டாப் முதுகில் கனத்தது.

பாதி மலையில் ஒரு சுனை. அதற்கு மேல் சொட்டுத் தண்ணீர் கிடையாது, பாதையும் செங்குத்து. இளவெயினியின் மாணவர்கள் மலையேறும்போது அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பையைத் திறந்து, மேலே தேவைப்படாததை எல்லாம் சுனையடியில் இறக்கிவிட வேண்டும். இறங்கும்வரை ஆடு மேய்க்கும் வெள்ளையம்மா பார்த்துக்கொள்வாள். எஞ்சியதை அவரவரே சுமக்க வேண்டும். யாரும் யாருக்கும் கைகொடுப்பதில்லை.

கோதண்டபாணி கல்லைக் கழுவுவதற்காக ஐந்து லிட்டர் கேனில் சுனைத் தண்ணீரை நிரப்பினார். தூக்கிப் பார்த்தார். முட்டி ‘மடக்’ என்றது. லேப்டாப்பைப் பார்த்தார், கேனைப் பார்த்தார்.

“அழுக்கை மெஷின் பார்த்துக்கும் டீச்சர். போட்டோ எடுத்து உள்ளே விட்டா, வேண்டாததை நீக்கிட்டு எழுத்தை மட்டும் எழுப்பிக் குடுத்திரும்.”

“அப்படியா?” என்றார் ஆசிரியை.

கேன் சுனையடியில் நின்றது.

உச்சியில் பாறை முழுக்க ஆந்தையும் புறாவும் போட்ட எச்சம். அதன் மேல் காய்ந்த மண். கோதண்டபாணி குனிந்தும் வளைந்தும் இருநூறு படம் எடுத்து மெஷினுக்குள் விட்டார். மெஷினைச் சும்மா சொல்லக்கூடாது, பறந்தது. இருபதே நிமிஷத்தில் பாறையை மேடும் பள்ளமுமாகத் திரையில் எழுப்பி நிறுத்திவிட்டது. எச்சத்தின் ஒவ்வொரு திட்டும் தனித்தனியாக எண்ணிவிடலாம் போலத் தெரிந்தது. எழுத்துதான் ஒன்றும் தெரியவில்லை.

ஆசிரியை எட்டிப் பார்த்தார்.

“அருமையா வந்திருக்கு சார்.”

கோதண்டபாணிக்கு முகம் செத்துப்போயிற்று.

“உங்ககிட்ட தண்ணி இருக்கா டீச்சர்?”

“குடிக்க ஒரு பாட்டில் இருக்கு.”

“வெயில்?”

“சாய்வா இன்னும் ரெண்டு மணி நேரம் விழும். அப்புறம் எழுத்து கண்ணுக்கு அகப்படாது.”

கோதண்டபாணி பையை மாட்டிக்கொண்டு இறங்கினார். நாலாயிரம் வீட்டுக்கு மின்சாரம் கொடுத்த மனுஷன் நாலு சொம்புத் தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு வந்தோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

சுனையடியில் வெள்ளையம்மா சிரித்தாள்.

“என்ன சாமி, மெஷினுக்குத் தாகமா?”

“எனக்குப் புத்தி வந்திருக்கு தாயி. இதைப் பிடி.” லேப்டாப்பை அவளிடம் கொடுத்துவிட்டுக் கேனை எடுத்தார்.

“கேனைக் குடுங்க, நான் தூக்கியாரேன். இந்த வயசுல எதுக்கு?”

“வேண்டாம். இது என் சுமை.”

ஏறினார். பத்தடிக்கு ஒரு தரம் நின்றார். ஒரு செருப்பின் வார் அறுந்தது. அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஒரு கால் வெறும் பாதமாகவே ஏறினார். திரும்பிவிடலாமா என்று ஒரு தரம் தோன்றியது. காலையில் அடிவாரத்தில் தன்னைப் பார்த்துக் கும்பிட்ட ஊர்க்காரர்களை நினைத்துக்கொண்டு ஏறினார்.

வெயில் இன்னும் சாய்வாகத்தான் இருந்தது. ஆசிரியை தூரிகையை நீட்டினார். கோதண்டபாணி தண்ணீரைக் கை கையாக ஊற்றி, குழந்தைக்கு முதுகு தேய்ப்பது போல மெல்லத் தேய்த்தார். மண் கரைந்தது. எச்சம் ஊறி வழிந்தது. ஈரப் பாறையில் ஒவ்வொரு கோடாக நிழல் விழுந்தது.

அவர் விரலை வைத்துக் கூட்டினார்.

“இ... ம்... ம... லை... கா...த்...தா...ன்...”

மறுபடியும் தொடங்கி ஒரே மூச்சில் வாசித்தார்.

“இம்மலை காத்தான் அடி என் தலை மேலது.”

எழுதியவன் யாரோ. பிறகு வந்து இந்த மலையைக் காக்கப்போகிறவனின் பாதத்தை ஆயிரம் வருஷமாகத் தலையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். கோதண்டபாணி தன்னையறியாமல் தன் காலைப் பார்த்தார். வெறும் பாதத்தில் ரத்தமும் மண்ணும் கலந்து ஒட்டியிருந்தது.

ஆசிரியையும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து ஊர்த்தலைவரை அழைத்தார்.

“வரி கிடைச்சிருச்சு. ஆமா, கேட்டதுக்கு மேலேயே. இல்லை, வாசிச்சது நான் இல்லை. என் மாணவர் கோதண்டபாணி. பேரைச் சரியா எழுதிக்குங்க.”

உத்தியோகத்தில் பத்துப் பன்னிரண்டு பாராட்டுக் கடிதம் வாங்கியவர் அவர். எல்லாம் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. அதில் ஒன்றும் அவர் நெஞ்சை இப்படி நிமிர்த்தியதில்லை. காலியான கேனைத் தட்டிக்கொண்டே இறங்கினார்.

சுனையடியில் வெள்ளையம்மா லேப்டாப்பை முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். வாங்கியதும் கனம் கையை இழுத்தது. அவருக்குப் பழைய கேள்வி ஞாபகம் வந்துவிட்டது.

“அப்போ லேசானதையே வாங்கிரட்டுமா டீச்சர்?”

“வாங்கலாம்.”

“விலை ரெண்டு மடங்கு.”

“ஆமா.”

“கனமானது வேகமும் ஜாஸ்தி, காசும் மிச்சம்.”

“அதுவும் சரிதான்.”

“நீங்க ஒண்ணும் சொல்லலையே!”

ஆசிரியை சுனை ஓரம் உட்கார்ந்து, அவருடைய வெறும் பாதத்தில் இரண்டு கை தண்ணீர் ஊற்றினார். அவர் பதறிக் காலை இழுத்துக்கொண்டார்.

“இன்னைக்கு ரெண்டாவது தடவை ஏறினீங்களே சார். அதை யாராவது விலைக்குக் கேட்டா குடுப்பீங்களா?”

கோதண்டபாணி மலையை அண்ணாந்து பார்த்தார்.

“எத்தனை லட்சம் குடுத்தாலும் மாட்டேன்.”

“அப்போ எதை வாங்கினாலும் உங்களுக்கு நஷ்டமில்லை. தண்ணியை மட்டும் கீழே வைக்காதீங்க.”