சடைச்சி வைத்த புள்ளி

வேங்கைக்காட்டில் சடைச்சி என்றொரு கரடி இருந்தது. காட்டாற்றின் ஆழத்தை அளந்து, கரையோர மரத்தில் நகத்தால் கீறி வைப்பது அதன் வேலை. அந்தக் கீறலை நம்பித்தான் எல்லா விலங்குகளும் ஆற்றில் இறங்கும். அதில் சடைச்சிக்குத் தலைகால் புரியாத பெருமை!

ஆற்றில் இறங்க மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு துறைகள் இருந்தன. ஒரு கோடு என்றால் ஒரு முழங்கால் ஆழம். கோடுகளுக்கு மேலே புள்ளி வைத்தால், மேல்துறையில் அது இரண்டு மடங்கு. கீழ்த்துறையில் அதே புள்ளிக்குப் பாதி என்று அர்த்தம்.

"ஏன் அக்கா இப்படி?" என்று கேட்டது முயல். "ஒரே புள்ளி அங்கே ஒண்ணு, இங்கே ஒண்ணு சொன்னா நாங்க என்ன பண்றது?"

"மேல்துறையில எப்பவும் தண்ணி அதிகம். கீழ்த்துறையில எப்பவும் கொஞ்சம். ரெண்டுக்கும் ரெண்டு குறி எதுக்கு? ஒரே புள்ளியில முடிச்சிட்டேன் பார்த்தியா!" என்று மார்தட்டியது சடைச்சி. "தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். தெரியாதவங்க பழகிக்கணும்!"

 அன்றோடு முயல் ஆற்றில் இறங்குவதையே நிறுத்திக்கொண்டது.

சடைச்சியின் குட்டி உருண்டை, கீழ்த்துறையிலேயே விளையாடி வளர்ந்தது. ஒரு மழைநாளில் தேன் வாசம் பிடித்துக்கொண்டு தனியாக மேல்துறைக்குப் போனது. அங்கே மரத்தில் மூன்று கோடு, மேலே ஒரு புள்ளி.

"மூணுல பாதி ஒன்றரை! அம்மா எழுதினதாச்சே, தப்பா இருக்குமா?" என்று குதித்துவிட்டது.

வெள்ளம் ஆறு முழங்கால் ஆழத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அலறல் கேட்டு விழுந்தடித்து ஓடிவந்தது சடைச்சி. ஆற்றில் பாய்ந்து, குட்டியின் பிடரியைக் கவ்வி, பாறைகளில் அடிபட்டுக் கரையேறியது. 

"பாதின்னு நீதானேம்மா சொல்லிக் கொடுத்தே!" என்று இருமிக்கொண்டே அழுதது உருண்டை.

"அது கீழ்த்துறை வழக்கம்டா..." என்று ஆரம்பித்தது சடைச்சி. சொல்லி முடிக்க அதற்கே வெட்கமாக இருந்தது.

அன்றே இரண்டு துறைகளிலும் புள்ளிகளைச் சுரண்டி எறிந்தது. ஆறு முழங்கால் என்றால் ஆறு கோடு, அவ்வளவுதான்! கீறிக் கீறி நகமே தேய்ந்துபோனது.

"பழைய அழகு இல்லையே அக்கா!" என்றது முயல்.

"அழகு கிடக்கட்டும். ஆழம் எவ்வளவு, படி!"

"ஆறு! அடேயப்பா, இன்னைக்கு நான் வளையை விட்டு வரவே மாட்டேன்!"

"பார்த்தியா! நீகூடப் படிச்சிட்டியே!" என்று நெஞ்சை நிமிர்த்திக் காடே அதிரச் சிரித்தது சடைச்சி. அதுவரை அது பட்ட பெருமையெல்லாம் இந்தப் பெருமைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

எழுதியவருக்கு மட்டும் புரிகிற அழகான சுருக்கத்தைவிட, எல்லோருக்கும் எல்லா இடத்திலும் ஒரே பொருள் தருகிற எளிய குறியே பெருமைக்குரியது.